விதையில் விழுந்த ஓட்டை: நெல்லைச் சீமை மரவிதைகளும் பூச்சிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காட்டுப் பக்கம் நாட்டுமர நாற்று வளர்த்து வருகிறேன். மாசி பிறந்து நெற்றுகள் காயத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, பூச்சி விழுந்த விதையைப் பற்றித்தான். பள்ளி ஆசிரியர்கள், குளத்துக்கரையில் மரம் வைக்கும் பிள்ளைகள், தோட்டத்து ஓரத்தில் உயிர்வேலி போட நினைக்கும் விவசாயிகள் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். திருநெல்வேலிச் சீமை என்று நான் சொல்வது இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களையும். மரங்களும் வண்டுகளும் மூன்றிலும் ஒன்றுதான்.

அண்ணாச்சி, விதையை எடுத்து வைத்தபோது ஒரு குறையும் இல்லை. மூடி இறுக்கமாகத்தான் போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் விதைக்கு விதை ஓட்டை, அடியில் மாவு, நாலைந்து வண்டு. மூடின டப்பாவுக்குள் பூச்சி எப்படி வந்தது?

வரவில்லை. நீங்கள்தான் விதையோடு சேர்த்து உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதானால் இதைப் படியுங்கள். விதையில் நாம் பார்க்கும் அந்த உருண்டையான ஓட்டை பூச்சி நுழைந்த வழியன்று, வெளியேறிய வழி. உள்ளே போனது எத்தனையோ வாரங்களுக்கு முன்னால், நெற்று மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது.

தாய் வண்டு நெற்றின் மேல்தோலில் முட்டையை ஒட்டி வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு நூல்முனை அளவுதான் இருக்கும். அது தோலைத் துளைத்து உள்ளிருக்கும் விதைக்குள் இறங்கிவிடும். காய் பசுமையாக இருந்தால் அந்தத் துளை காயின் வளர்ச்சியிலேயே மூடிப்போகும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பருப்பைத் தின்று, விதைத்தோலுக்கு ஒட்டினாற்போல் வந்து, தோலை மட்டும் மெல்லிய வட்டமாக விட்டுவைத்துக் கூட்டுப்புழுவாகிறது. விதையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த வட்டம் சன்னல் மாதிரி மங்கலாகத் தெரியும். வண்டானதும் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. நாம் அப்போதுதான் “பூச்சி விழுந்துவிட்டது” என்கிறோம்.

இதே சங்கதியை எல்லோரும் மாம்பழத்தில் பார்த்திருப்பீர்கள். பழத்தின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. கொட்டையை உடைத்தால் கறுத்த வண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே தோலில் முட்டை வைக்கப்பட்டு, புழு கொட்டைக்குள் போய், காயம் ஆறிவிட்டது. காட்டு மர விதைகளில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். எப்போது பறிப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படிச் சேமிப்பது என்று கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

விதையைத் தின்பது ஒரே பூச்சியா, பலவா?

பல. வேல், கொன்றை, ஆவாரை, வாகை, புளி என்று நெற்று காய்க்கும் மரஞ்செடிகளில் பெரும்பாலும் விதைவண்டுகள். வீட்டில் தட்டைப்பயறு, பாசிப்பயறில் விழும் வண்டின் சொந்தக்காரர்கள் இவை. தலை சின்னதாகக் குனிந்து, உடம்பு உருண்டு, பின்பக்கம் இறக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பலர் வண்டைப் பார்த்ததும் “இதுதான் தின்கிறது” என்று நசுக்குகிறார்கள். விதையைத் தின்றது புழு. வளர்ந்த வண்டு வெளியில் பெரும்பாலும் பூந்தாதையும் தேனையும் தேடிப் போகிறது.

கொட்டையுள்ள பழங்களில் கூன்வண்டுகள் வரும். முகம் யானைத் துதிக்கை போல நீண்டிருக்கும். மாங்கொட்டை வண்டு இந்த வகைதான். இலந்தைக் கொட்டைக்குள் இருப்பதும், நாவல் கொட்டைக்குள் சில நேரம் காண்பதும், எருக்கங்காயைக் குடைவதும் இந்த வகையே. இலந்தைப் பழத்தில் சதைக்குள் நெளியும் வெள்ளைப் புழு வேறு. அது பழ ஈயின் புழு. சதையைக் கெடுக்கும், கொட்டையைத் தொடாது. அப்படிப்பட்ட பழத்தின் கொட்டையை நம்பி நடலாம்.

மூன்றாவது அந்துப்பூச்சிகளின் புழுக்கள். சரக்கொன்றைக் காயை நீளவாக்கில் உடைத்தால், அறை அறையாக இருக்கும் தடுப்புகளைத் துளைத்துக்கொண்டு ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்கு நடந்துபோன தடம் தெரியும். வழியெல்லாம் எச்சமும் நூலாம்படையும். விதைவண்டின் புழு பொதுவாக ஒரு விதைக்குள் பிறந்து அங்கேயே வளரும். அந்துப்பூச்சியின் புழு பல விதைகளைப் பாழாக்கும். ஆமணக்குக் காயைத் துளைக்கும் புழுவைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

நாவாய்ப்பூச்சிகளைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பூவரசு, இலவம், துத்தி அடியில் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டங்கூட்டமாக ஊருமே, பருத்திக் காட்டிலும் வருமே, அவைதான். மெல்ல வாய் கிடையாது. ஊசி போன்ற மூக்கை விதைக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். விதையில் ஓட்டை விழாது, மாவு கொட்டாது. கையில் எடுத்தால் எடை குறைவாக, தோல் சுருங்கி இருக்கும். உடைத்தால் பொக்கு. “ஓட்டையே இல்லை, ஆனால் ஒன்றும் முளைக்கவில்லை” என்று வருபவர்கள் கொண்டுவருவது பூவரசு விதையாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நம்ம சீமையில் எந்த மரத்து விதைக்குப் பாதிப்பு அதிகம்?

என் அனுபவத்தில் முதலிடம் உடைமரத்துக்கு. குடைவேல் என்றும் சொல்வார்கள். குடையை விரித்துவைத்த மாதிரி உச்சி தட்டையாக, வெள்ளை முள்ளோடு, திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிவந்த தேரிக்காட்டிலும் நாங்குநேரி, ராதாபுரம் வறண்ட தரிசுகளிலும் நிற்கிறதே, அதுதான். உலகத்தில் இந்த மரம் இயற்கையாக வளரும் இடமே தென்னிந்தியாவும் இலங்கையும்தான். நெற்று சுருண்டு வளைந்து இருக்கும், ஆடுகளுக்கு உயிர். நான் நாற்று வளர்க்க ஆரம்பித்த வருடம், தரையில் கிடந்த உடை நெற்றை இரண்டு சாக்கு பொறுக்கி வந்து, அப்படியே கட்டிப் போட்டேன். மழைக்கு முன்னால் விதைக்கலாம் என்று புரட்டாசியில் அவிழ்த்தால் சுளகில் புடைக்க மாவுதான் வந்தது. தேறியது ஒரு கைப்பிடி. அந்த வருடம் நடவேண்டிய இடமெல்லாம் சும்மா கிடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நெற்றையும் உடைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது குளத்துக் கருவேல். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் குளங்களின் உள்வாயில் நட்ட கருவேல மரங்களின் வாரிசுகள்தான் இன்று பல குளங்களில் நிற்பவை. பாசிமணி கோத்த மாதிரி இடுங்கி இடுங்கி இருக்கும் அந்த நெற்றில், மணிக்கு ஒரு ஓட்டை எண்ணலாம். வெள்வேலும் அப்படியே. ஆவாரையில் வருடத்துக்கு வருடம் மாறும். சரக்கொன்றையில் காய் மரத்திலேயே மாதக்கணக்கில் தொங்குவதால் பூச்சிக்கு அவகாசம் அதிகம்.

வேம்புக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் சிக்கல் வேறு: விதை பழுத்து விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். இலுப்பையும் அப்படித்தான். ஆனி, ஆடியில் பொறுக்கினால் அந்த மாதமே விதைத்துவிட வேண்டும். பூச்சியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நாள் வைத்திருக்கக் கூடாது.

புளியில் விழும் வண்டு கடலையிலும் விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதைக் கேட்டவர் சங்கரன்கோவில் பக்கம் கடலை போடுகிறவர், நல்ல கேள்வி.

காரியெடான் செரட்டஸ் என்பது அந்த வண்டின் அறிவியல் பெயர். பழுப்பு நிறத்தில், அரை சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். பின்னங்கால் தொடை தடித்து, உள்பக்கம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். புளி, கொன்றை, மந்தாரை போன்ற மரங்களின் காய்தான் இதற்குப் பழைய உணவு. நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். வந்த இடத்தில், தோட்டோடு குவித்து வைத்த கடலை இந்த வண்டுக்கு இன்னொரு புளியங்காயாகத் தெரிந்திருக்கிறது. இன்று இந்தியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் தோட்டுக்கடலைச் சேமிப்பின் முக்கிய எதிரிகளில் ஒன்று இது. முழு வளர்ச்சி பெற்ற புழு பெரும்பாலும் காயைவிட்டு வெளியே வந்து, வெள்ளைக் காகிதம் போன்ற சின்னக் கூடு கட்டும். சாக்கின் மடிப்பிலும் குவியலின் அடியிலும் அந்தக் கூடுகளைப் பார்க்கலாம்.

ஆகவே புளியங்காயை ஓடோடு குவித்திருக்கும் தாழ்வாரத்தில் கடலை மூட்டையை அடுக்காதீர்கள். நம் ஆச்சிமார் பங்குனி வெயிலில் புளியை ஓடு நீக்கி, நார் எடுத்து, புளியமுத்தைத் தட்டி எடுத்துவிட்டு, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்களே, அதில் பாதி வேலை இந்த வண்டை வெளியேற்றுவதுதான். அந்த வண்டின் புழுவுக்கு முத்துதான் வீடு. முத்துப் போனால் அதற்குப் பானையில் இடமில்லை.

ஓட்டை விழுந்த விதை முளைக்கவே முளைக்காதா?

சில முளைக்கும். விதைக்குள் முளைக்கரு ஒரு ஓரத்தில் சிறியதாக இருக்கிறது. மீதியெல்லாம் அதற்கான கட்டுச்சோறு. புழு சோற்றில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுக் கருவைத் தொடாமல் விட்டிருந்தால் முளை வரும். புளியமுத்து போன்ற பெரிய விதைகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். உடை, ஆவாரை போன்ற சின்ன விதைகளில் ஒரு புழு வளர்வதற்கே முழு விதையும் தேவைப்படும். அங்கே மிச்சம் இருக்காது.

ஓட்டை வழியாகத் தண்ணீர் சட்டென்று இறங்குவதால், இப்படிப்பட்ட விதை சில நேரம் நல்ல விதையைவிட முந்தி முளைக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வித்திலை பாதி இல்லாமல் வரும் நாற்று நோஞ்சானாக இருக்கும். அதே ஓட்டை வழியாகப் பூஞ்சணமும் போகும். கையில் வேறு விதையே இல்லாத அரிய மரமென்றால் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒன்று கவனிக்க வேண்டும்: கருவேல், உடை விதைகளுக்கு வழக்கமாகச் செய்யும் வெந்நீர் நேர்த்தியை ஓட்டை விழுந்ததற்குச் செய்யாதீர்கள். கெட்டித் தோல் காக்கும் என்பதால்தான் நல்ல விதை மேல் சூடான தண்ணீர் ஊற்றுகிறோம். ஓட்டையுள்ளதில் வெந்நீர் நேரே உள்ளே போய்க் கருவை அவித்துவிடும்.

தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துப் போட்டால் போதுமா?

பாதி வேலைதான் நடக்கும். உள்ளே குடைந்து காலியான விதை மிதக்கும், அதைத் தள்ளலாம். ஆனால் புழு இப்போதுதான் நுழைந்திருந்தால் விதையின் எடை குறைந்திருக்காது. அது நல்ல விதையோடு சேர்ந்து மூழ்கும். இப்படித் தேர்ந்தெடுத்த விதையைத்தான் பலர் நம்பிக்கையோடு டப்பாவில் வைத்து மாசக்கடைசியில் ஏமாறுகிறார்கள். இன்னொரு பக்கம், புங்கங்காயை உடைக்காமல் அப்படியே தண்ணீரில் போட்டால் நல்லதும் மிதக்கும். ஆற்றோடு மிதந்து போய்க் கரை சேர்வதற்கென்றே அமைந்த காய் அது.

நம்பக்கூடிய சோதனை வெட்டிப் பார்ப்பதுதான். சேகரித்ததைக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது விதை எடுங்கள். நகவெட்டி, பாக்குவெட்டி, எதனாலாவது பாதியாக வெட்டுங்கள். வெள்ளையாக, நிறைந்து, ஈரப்பசையோடு இருப்பதை ஒரு பக்கம், குடைவு, புழு, பொக்கு உள்ளதை மறுபக்கம் வைத்து எண்ணுங்கள். ஐம்பதில் முப்பது கெட்டிருந்தால் அந்த மரத்து விதையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவது நல்லது. ஐம்பது விதையை வெட்டி வீணாக்குகிறோமே என்று வருத்தப்படுவார்கள். வெட்டாமல் போய் ஐயாயிரம் குழியை வீணாக்குவதைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் எப்போது பறிக்க வேண்டும்?

நெற்று பச்சை மாறிப் பழுக்கும் அந்த வாரத்தில், மரத்திலிருந்தே. தரையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்குவது சுலபம். ஆனால் அது கிடக்கும் ஒவ்வொரு நாளும் புதிய முட்டைகளுக்கு அழைப்பு. அடியில் பழைய தார்ப்பாயோ சேலையோ விரித்து, தொரட்டியால் உலுக்கி, அன்று விழுந்ததை மட்டும் எடுங்கள். போன வருடத்து நெற்று சிலது கிளையில் கறுத்துப்போய்த் தொங்கும். அதைக் கலந்துவிடாதீர்கள், பழைய தலைமுறை வண்டுகளின் இருப்பிடம் அதுதான்.

ஒரே மரத்தில் மூட்டை கட்டவும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து மரங்களில்கூடப் பாதிப்பு வெவ்வேறாக இருக்கும். தனியாக வெயிலில் நிற்பது ஒரு மாதிரி, கூட்டத்துக்குள் நிற்பது ஒரு மாதிரி. பத்து மரத்துக்குக் குறையாமல் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்தால் பூச்சியிலிருந்தும் தப்பலாம், நாற்றுகளும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்காது. வீட்டுக்கு வந்ததும் நெற்றோடு வைத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் காயவைத்து, தட்டி, புடைத்து விதையைப் பிரித்துவிட வேண்டும். ஓட்டை, சுருக்கம், மங்கலான வட்டம் உள்ளவற்றைப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பொறுக்கச் சொல்லலாம். அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை.

ஆட்டுக்கிடையில் கிடைக்கும் கருவேல விதை நன்றாக முளைக்கிறதே, ஏன்?

இது கிடைபோடுகிறவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். ஆடுகள் பகலில் நெற்றைத் தின்றுவிட்டு இரவு அசைபோடும்போது கெட்டியான விதைகளைத் துப்பிவிடும். சில புழுக்கையோடு வரும். காலையில் கிடையைக் கூட்டினால் கருவேல விதையும் உடை விதையும் கழுவிவைத்த மாதிரிக் கிடக்கும்.

ஆட்டின் வயிற்றுக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. விதைத்தோல் ஊறி இளகுகிறது, அதனால் வெந்நீர் இல்லாமலே முளைக்கிறது. அதோடு, உள்ளே இளம்புழு இருந்தால் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் காற்றில்லாத நிலையிலும் பெரும்பாலும் செத்துவிடுகிறது. புழு கருவைத் தொடுவதற்கு முன்னால் செத்தால் விதை பிழைத்தது. ஏற்கெனவே குடைபட்ட விதைகள் பல்லிலேயே நொறுங்கி வடிகட்டப்படுகின்றன. ஆப்பிரிக்க வேலமரங்களில் யானையும் மானும் நெற்றைத் தின்பதால் விதைவண்டின் பாதிப்பு குறைவதை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கங்கைகொண்டான் காப்பிடத்துப் புள்ளிமான்கள் வேல நெற்றைத் தேடித் தின்பதைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஆனால் எல்லாம் நாளைப் பொறுத்தது. நெற்று விழுந்த சூட்டோடு ஆடு தின்ன வேண்டும். மாதம் கழித்துத் தின்றால் அதற்குள் வண்டு தன் வேலையை முடித்திருக்கும். கிடையில் விதை எடுப்பதானால் கீதாரியிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கொடுக்கும் விதைக்கு அவருக்கு ஒரு தொகையும் கொடுங்கள். ஆட்டை எந்தக் காட்டில் எந்த மாதம் மேய்த்தார் என்பதை அவர் அட்சரம் பிசகாமல் சொல்வார். அந்தத் தகவலின் மதிப்பு விதையைவிட அதிகம்.

வேப்பிலை, வசம்பு, சாம்பல் போட்டு வைத்தால் போதுமா?

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் வண்டைத் தடுக்கும். அடுப்புச் சாம்பலின் துகள் வண்டின் உடம்பில் இருக்கும் மெழுகுப் பூச்சை உராய்ந்து எடுத்து, நீர் வற்றிச் சாகவைக்கிறது. விதைகளுக்கு இடையே உள்ள இடுக்கையும் அடைத்து நடமாட விடாமல் செய்கிறது. துவரைக்குச் செம்மண் கட்டுவதும் ஏறக்குறைய அப்படியே. வசம்பின் வாடை முட்டையிட வருவதை விலக்கும். ஆனால் விதைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் புழுவை இவை எட்டாது. அதை முதலில் கொன்றுவிட்டுப் பிறகு சாம்பல் போடுங்கள்.

கொல்வதற்கு இரண்டு வழி. வீட்டில் பிரீசர் இருந்தால் நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப்புகாத உறையில் போட்டு ஒரு வாரம், பத்து நாள் உறைய வையுங்கள். எடுத்தவுடன் உறையைத் திறக்கக் கூடாது. சில்லென்ற விதை மேல் ஈரம் படிந்துவிடும். ஒரு நாள் வெளியே வைத்து வீட்டுச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரென்றால் நாள்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேம்பு, இலுப்பை, நாவல் மாதிரி ஈரத்தோடு வைத்திருக்க வேண்டிய விதைகளை இப்படிச் செய்தால் அவையும் செத்துவிடும்.

இன்னொன்று நம் சீமை தாராளமாகத் தருவது: வெயில். தட்டைப்பயறு வண்டை வைத்துச் செய்த ஆய்வில் 57 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் முட்டையிலிருந்து வண்டு வரை எல்லாப் பருவமும் சாவது தெரிந்திருக்கிறது. சாக்கின் மேல் கறுப்புத் தாளை விரித்து, விதையை ஒரு விரற்கடைக்கு மேல் போகாமல் பரப்பி, கண்ணாடிப் பாலிதீனால் மூடி ஓரங்களில் கல் வைத்தால் சித்திரை உச்சிவெயிலில் அந்தச் சூட்டை எட்டலாம். நன்றாகக் காய்ந்த, தோல் கெட்டியான விதைக்கு மட்டும். முதல் தடவை ஒரு கைப்பிடிக்குச் செய்து, விதைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் செய்யுங்கள்.

தானிய மூட்டைக்குப் போடும் மாத்திரையைப் போடலாமா?

வீட்டில் வேண்டவே வேண்டாம். அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. அது மனிதனைக் கொல்லும். மூடிய அறையில் தூங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் பயன்படுத்துவதற்கானது அது. நாலு கிலோ ஆவாரை விதைக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

அத்திப்பழத்திலும் பூச்சிதானே? அதுவும் விதைச் சேதமா?

“அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை” என்பது பழமொழி. உள்ளே இருப்பது குளவி இனத்தைச் சேர்ந்த மிகச் சின்னப் பூச்சி. அத்திக்கு ஒன்று, ஆலுக்கு வேறொன்று என்று தனித்தனி இனம் உண்டு.

அத்தியின் பூக்கள் எல்லாம் காய்க்குள்ளேயே இருக்கின்றன. பெண் குளவி காயின் நுனியில் இருக்கும் இறுக்கமான வாசல் வழியாக இறக்கையைப் பிய்த்துக்கொண்டு நுழைகிறது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களின் சூலில் முட்டையும் வைக்கிறது. முட்டை விழுந்த சூல் விதையாகாது, குளவியின் தொட்டிலாகும். மற்றவை விதையாகும். உள்ளேயே பிறக்கும் ஆண் குளவிகளுக்கு இறக்கை கிடையாது. அவை பெண்களோடு கூடி, வெளியே போக வழி தோண்டிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். ஆக ஒவ்வொரு குளவிக்கும் ஒரு விதை பலி. அந்தப் பலியைக் கொடுக்காவிட்டால் அத்திக்கு ஒரு விதைகூடக் கிடையாது. தாமிரபரணிக் கரையில் பாபநாசம் தொட்டு நிற்கும் அத்திகளின் அடியில் நின்று ஒரு பழத்தைப் பிட்டுப் பாருங்கள். சொத்தை என்ற சொல்லை அதற்குச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மரத்துக்கே மருந்தடித்து இந்த வண்டுகளை ஒழித்துவிட்டால் என்ன?

கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் விதைடப்பாவில் இருக்கும் வண்டு வேறு, காட்டில் இருக்கும் வண்டு வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் அது நம் உழைப்பைக் கெடுக்கிறது. தடுக்க நமக்கு உரிமை உண்டு. காட்டில் அது செய்யும் வேலைக்கு வேறு ஆள் இல்லை. ஒரு மரம் காய்க்கும் அத்தனை விதையும் முளைத்தால் காடு முழுக்க அந்த ஒரு மரம்தான் இருக்கும். 1970-ல் டேனியல் ஜான்சன், 1971-ல் ஜோசப் கானல் என்ற இரண்டு அறிவியலாளர்களும் தனித்தனியாக ஒரே கருத்தைச் சொன்னார்கள்: விதைகள் தாய் மரத்தின் அடியில்தான் அதிகம் விழுகின்றன, அங்கேதான் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் அதிகம் கூடுகின்றன, தூரமாகப் போன விதைக்குத்தான் பிழைக்க வாய்ப்பு. அதனால் தாயின் அடியில் வேறு மரங்களுக்கு இடம் கிடைக்கிறது. 1988-ல் இரண்டு சரணாலயங்களை இணைத்துப் புலிகள் காப்பகமாக்கிய களக்காடு–முண்டந்துறை மலைகளில் இத்தனை வகை மரங்கள் தோளோடு தோள் நிற்பதற்கு இந்தச் சின்னப் பூச்சிகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மரங்களுக்கும் தற்காப்பு உண்டு. சில விதையில் நஞ்சை வைத்திருக்கின்றன, சில தோலைக் கல்லாக்கியிருக்கின்றன. மூங்கில் செய்வது எல்லாவற்றிலும் பெரிது. முப்பது, நாற்பது வருடம் பூக்காமலே இருந்து, ஒரே சமயத்தில் காடு முழுக்கப் பூத்து, மூங்கிலரிசியைக் கொட்டிவிட்டுச் சாகிறது. இடைப்பட்ட வருடங்களில் பட்டினி கிடந்த பூச்சியும் எலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில். ஊருக்கே வேணுவனம் என்று பெயர். அந்த வேலிக்குள் நிற்கும் மூங்கிலைப் பார்க்கும்போதெல்லாம் அதன் பொறுமை எனக்கு வியப்பாக இருக்கும்.

மருந்தடித்தால் முதலில் சாவது வண்டின் எதிரிகள். வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விதைக்குள் இருக்கும் புழுவைத் தேடிக் கொட்டும் குளவிகளும் உண்டு. உங்கள் டப்பாவில் வண்டோடு எறும்பு மாதிரி, இறக்கையுள்ள கறுப்புப் பூச்சிகள் சில இருந்தால் அவை இவர்கள்தான். நசுக்காமல் சன்னலைத் திறந்து விட்டுவிடுங்கள்.

சீமைக்கருவேலை ஒழிக்க இந்த மாதிரி வண்டை விடலாமே?

பல நாடுகளில் முயன்றிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1987-ல் சீமைக்கருவேல் இனங்களின் விதையைத் தின்னும் வண்டை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வண்டு பெருகியது. ஆனால் நெற்று விழுந்ததும் ஆடுமாடுகள் முந்திக்கொண்டு தின்று விதையை ஊரெல்லாம் பரப்பிவிட்டதால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நாட்டுக் கருவேலுக்கு நன்மை செய்த அதே ஆட்டு வயிறு இங்கே எதிராகிவிட்டது. நம் நாட்டிலும் உண்ணிச்செடியைக் கட்டுப்படுத்த 1921-ல் ஹவாயிலிருந்து ஒரு விதை ஈயைக் கொண்டுவந்தார்கள். ஈ நிலைத்துவிட்டது, உண்ணிச்செடியும் நம் மலையடிவாரமெங்கும் நிலைத்துவிட்டது. வெட்டிய இடத்தில் நாட்டுமரம் நட்டு நிழல் கட்டுவதைத்தான் நான் செய்கிறேன்.

விதைப்பந்து செய்கிறோம். ஏதாவது சொல்ல வேண்டுமா?

உருட்டுவதற்கு முன்னால் வெட்டிப் பாருங்கள். மண்ணுக்குள் வைத்துவிட்டால் புழுவுக்கு அது நல்ல வீடு, விதைக்குச் சமாதி. சென்ற வருடம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஆசையாக உருட்டிய பந்துகளில் இருபதை உடைத்துப் பார்த்தோம். பதினொன்றில் விதை கூடு மட்டும்தான். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காப்பகத்துக்குள் போய் விதை பொறுக்கலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. அது குற்றம். ஊர்ப் பொதுமரங்கள், சாலையோரம், குளத்துக்கரை, சொந்த விளை இவற்றிலேயே வேண்டிய விதை கிடைக்கும். கேட்டுவிட்டு எடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஏதாவது வழி உண்டா?

ஒரு கண்ணாடிப் போத்தல், வாயில் கட்ட மல்துணி, ஒரு ரப்பர்வளையம் போதும். ஊரில் நிற்கும் கருவேலிலோ உடைமரத்திலோ நெற்று பழுக்கும் வாரத்தில் நூறு விதை எடுத்து, கண்ணுக்கு ஓட்டையே தெரியாதவற்றை மட்டும் போத்தலில் போடச் சொல்லுங்கள். மரம் நிற்கும் இடம், பறித்த தேதி எழுதிய சீட்டை ஒட்டுங்கள். தினமும் காலையில் ஒருவர் பார்த்து, வெளியே வந்த வண்டு எத்தனை, குளவி எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதம் விடாமல் எழுதினால், அந்த மரத்து விதையில் நூற்றுக்கு எத்தனை போகிறது, எந்த வாரத்தில் வண்டு வருகிறது, குளவி எத்தனை வண்டைத் தடுத்தது என்று உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். அடுத்த வருடம் அதே மரத்தில் பதினைந்து நாள் முந்திப் பறித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிய நோட்டோடு என்னைப் பார்க்க வந்தால், எந்தப் பிள்ளைக்கும் கைநிறைய உடை விதை தருகிறேன்.